வேல் படாத இடம்

நன்றி சொல்லப் போன இடத்தில்தான் எனக்கு இது வந்தது என்று நான்கு மாதம் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, டாக்டரிடமும் மறைத்தேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கொட்டகை சூப்பர்வைசர் நான். ஒரு பெட்டியின் மூலை கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் "இது ஏறாது, நிறுத்து" என்று கத்துகிறவன். அப்படிப்பட்ட நான் ஐம்பத்து மூன்று வயதில் தன் உடம்பில் நசுங்கிய மூலையை மட்டும் சட்டை போட்டு மூடிக்கொண்டேன்.

முதலில் வேண்டுதல் கதை. எனக்கு இது வருவதற்கு முந்தின வருடம் என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை எங்கள் பொங்கோல் வீட்டின் கூடத்தில் நான் நடந்த நடைக்கு எல்லை தாண்டி ஜொகூர் போய்த் திரும்பியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று வந்தால் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்தது. அவள் தப்பித்தாள், நான் மாட்டிக்கொண்டேன். நர்ஸ் பஞ்சைக் கையில் எடுத்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவன் நான்.

அலகு குத்த வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. மனைவியின் அண்ணன், என் மச்சான், அதில் கை தேர்ந்தவர். மற்ற நாளில் பஸ் ஓட்டுகிறார். இங்கே பஸ் ஓட்டுகிறவரைக் கேப்டன் என்பார்கள். அவரும் கப்பல் ஓட்டுகிற தோரணையில்தான் ஓட்டுவார். தைப்பூசம் வந்தால் லீவு போட்டுவிட்டுச் சொந்தக்காரர், கூட்டாளி என்று இருபது முப்பது பேருக்கு அலகு குத்துவார். ஒரு காசு வாங்க மாட்டார். "என் கை பட்டு ஒருத்தனுக்குச் சீழ் பிடிச்சதாச் சொல்லுங்க, பாப்போம்" என்பதுதான் அவருக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை.

அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான். நாற்பத்தெட்டு நாள் சுத்த சைவம்.

முப்பத்தோராம் நாள் எங்களோடு வேலை செய்யும் மலாய் அக்காவுக்குப் பிறந்தநாள். டீ நேரத்தில் ஒரு டப்பா நிறைய மீன் அடைத்த சார்டின் பஃப் கொண்டுவந்து நீட்டினார். முதல் பஃபை மறதியில் தின்றேன். பாதி கடித்த பிறகுதான் விரதம் ஞாபகம் வந்தது. இரண்டாவதை ஞாபகத்தோடு தின்றேன்.

தைப்பூசத்தன்று வலது கன்னம் வழியாக ஒரு வேல், முதுகில் வரிசையாகச் சின்னக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எலுமிச்சம்பழம். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் நடந்தேன். வலி தெரியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மச்சான் கூடவே நடந்தபடி, தான் செய்த வேலையைத் தானே ரசித்துக்கொண்டு வந்தார். சாமிக்குச் சார்டினும் தெரியாமல் போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றாவது வாரம், அதே வலது பக்கம், கீழ்த்தாடையில் ஏதோ கனத்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர், கிராம்பு, பனடோல் மாத்திரை என்று ஓட்டினேன். அடுத்த வாரம் குளித்துவிட்டு வரும்போது மனைவி முதுகைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? மங்குஸ்தீன் கறை மாதிரி?"

"அலகு குத்துன இடமா இருக்கும்."

"தைப்பூசம் போயி ஒரு மாசம் ஆகுது. இன்னுமா?"

"உங்கண்ணன் கொஞ்சம் ஆழமாக் குத்திட்டாரு போல."

இது வெறும் வாய்க்கொழுப்பு. ஆனால் அவள் அதை அப்படியே அண்ணனிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் வேலை முடிந்ததும் மச்சான் யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்து நின்றார். என்னைக் குப்புறப் படுக்கப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் அளந்தார். கரும்சிவப்பாய் மூன்று தடிப்பு. அழுத்தினால் வலி இல்லை.

"மாப்ள, நான் கொக்கி போட்டது இங்க, இங்க, இங்க. இது மூணு விரக்கடை தள்ளி இருக்கு. வேலு படாத இடம், என் கை படாத இடம்."

"நான் சும்மா சொன்னேன் மச்சான்."

"அது இருக்கட்டும். வெரதம் ஒழுங்கா இருந்தீங்களா?"

"சுத்தம்."

"கவுச்சி?"

"முட்டை வாசம்கூடப் படல லா."

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். தினமும் இரண்டு வேளை தேய்க்கச் சொன்னார். ஆனால் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு முறை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. இந்த ஆளைப் பற்றி எந்த டாக்டரிடமும் வாய் திறக்கக் கூடாது. யார் குத்தியது, எந்த ஊசி, எப்படிக் கழுவினார் என்று ஆரம்பிப்பார்கள். உண்மையில் தப்பு யாருடையது என்று எனக்குத்தான் தெரியுமே. டப்பாவில் இருந்து எடுத்த கை என்னுடையது.

பல் டாக்டர் ஆடுகிற பல்லைப் பிடுங்கினார். பல் போன குழி ஆறவில்லை. ஆறாததோடு, உள்ளேயிருந்து சதை பொங்கி வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு கீழ் உதட்டின் வலது பாதி மரத்துப்போனது. கேண்டீனில் டீ குடித்தால் பாதி எனக்குள் போகும், பாதி சட்டையில் போகும். எனக்குத் தெரியாது, எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்ல வேண்டும். "பாஸ், கசிவு" என்பான். சரக்குக் கொட்டகையில் கசிகிற பெட்டியைத் தனியாக ஒதுக்கி வைப்போம். நானும் மூலையில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கத் தொடங்கினேன்.

பல் டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வாய் அறுவை மருத்துவர் ஒரு சீனப் பெண். என் மகள் வயதிருக்கும். அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் சொல்கிறேன். "உடம்பில் வேறு எங்காவது கட்டி, தடிப்பு, நிறமாற்றம் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை டாக்டர். வயிறு மட்டும்தான் கூடுதலாக இருக்கிறது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சட்டைக்குள் மூன்றும் இருந்தன, அப்போது நான்காவதும் வந்திருந்தது.

தாடையில் இருந்து துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து, எடுத்த சதை பெரும்பாலும் செத்த சதை, எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இன்னும் ஆழமாகப் போய் எலும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து, ஒரு நாள் படுக்கை. அதற்குத் தேதி கிடைக்க இன்னும் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. வேலையில் அனுப்பி முடித்த பெட்டியின் தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். வீட்டில் குளிர்ப்பெட்டியைத் திறப்பேன், எதற்கென்று தெரியாமல் மூடுவேன். மனைவி கேட்டால் ஒரு ஜோக் சொல்வேன். அந்த மாதம் நான் சொன்னதெல்லாம் மட்டமான ஜோக். அவளே சொன்னாள்.

அறுவைக்கு முந்தைய ஆலோசனைக்கு அவளும் வந்தாள். டாக்டர் பழைய தாளைப் பார்த்து, "வேறு எந்த அறிகுறியும் இல்லை, சரியா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"முதுகுல இருக்கே?" என்றாள் என் மனைவி. அப்புறம் டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில், "இருக்கிறது டாக்டர், நான்கு" என்றாள்.

அந்த அறையில் ஜோக்குக்கு இடமில்லை என்று எனக்குப் புரிந்தது. சட்டையைக் கழற்றினேன். காலையில் தேய்த்த விபூதி திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"இது என்ன மருந்து?" என்றார் டாக்டர்.

"கோயில் பவுடர்" என்றேன்.

துடைக்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தார். ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார், அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். தைப்பூசத்துக்குப் பிறகு என்றேன், கொக்கி விஷயத்தையும் சொன்னேன். "ஊசி குத்திய வடு வெளியிலிருந்து உள்ளே போகும், நடுவில் ஒரு புள்ளி இருக்கும். இவை உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கின்றன" என்றார். "முதல் நாளே கேட்டேன் இல்லையா?"

"கேட்டீர்கள்."

"தோலிலிருந்து துண்டு எடுக்க இருபது நிமிடம் போதும். அன்றைக்கே எடுத்திருக்கலாம்."

எடுத்தார்கள். மரப்பு ஊசி, இரண்டு தையல். எலும்பைத் தோண்ட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. வெளியே நடைபாதையில், மருந்து வாங்க நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில், மனைவி என்னை நிறுத்தினாள்.

"யாருக்காக மறைச்சீங்க?"

"உங்கண்ணனுக்காக. அவர் பேரு கெட்டுப்போகும்ல?"

"அவர் பேருக்கு நீங்க உசுர விடுவீங்களா?"

"அது மட்டும் இல்ல." சொல்லித் தொலைத்தேன். பிறந்தநாள், டப்பா, சார்டின் எல்லாம்.

"எத்தன?"

"ரெண்டு."

"ஒண்ணுன்னா மறதி. ரெண்டாவது?"

"நல்லா இருந்துச்சு."

கண் கலங்கிக்கொண்டே, "மூணு மாசமா ரெண்டு வேள விபூதி தேச்சேனே, சொல்லக் கூடாதா? பாவி மனுஷா" என்று கைப்பையால் என் தோளில் அடித்தாள். தையல் போட்ட பக்கம். வரிசையில் நின்ற எல்லாரும் தங்கள் எண் சீட்டைக் கவனமாகப் படித்தார்கள்.

முடிவுக்கு அடுத்த வியாழன் வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமையே நர்ஸ் கூப்பிட்டு, "அங்கிள், நாளைக்கே வரீங்களா? வீட்டு ஆளையும் கூட்டிட்டு வாங்க" என்றாள், தமிழில். தேதியைத் தள்ளிப் போட்டால் சாதாரண விஷயம், முன்னால் இழுத்தால் சாதாரணமில்லை. இது ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், கார்கோவுக்கும் பொருந்தும்.

இந்த முறை ரத்தநோய் மருத்துவர். நரைத்த தலை, பதறாமல் பேசுகிறவர். நோயின் பெயரைச் சொன்னார். மூன்று சொல், ஒவ்வொன்றும் ஒரு ரயில் பெட்டி நீளம். நோயோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகை கெட்டுப்போய்ப் பெருகுகிறது. இப்படிப்பட்ட ரத்தப் புற்றுநோய் பலருக்குக் கழுத்திலோ அக்குளிலோ கட்டியாகத் தெரியும். மிகச் சிலருக்கு மட்டும் தாடை எலும்பிலும் தோலிலும் போய் உட்காரும். தாடைக்குள் அது நரம்பை நெருக்கியதால்தான் உதடு மரத்தது. நாலு நம்பர் லாட்டரி எழுதி இத்தனை வருடத்தில் ஓர் ஆறுதல் பரிசுகூட அடிக்காதவன் நான். எனக்குப் போய் இது விழுந்திருக்கிறது.

"மருந்து கேட்குமா?" என்றாள் மனைவி.

"கேட்க வாய்ப்பு இருக்கிறது. உறுதி சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு முறை. அதன் பிறகு ஸ்கேன் சொல்லும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "டாக்டர், மீன் சாப்பிட்டால் இது வருமா?"

"எவ்வளவு மீன்?"

"இரண்டு பஃப்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"வராது."

"வேல் குத்தினால்?"

"வராது. குத்துவதற்கு முன்பே உள்ளே தொடங்கியிருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் எலும்பு இவ்வளவு அரித்திருக்காது." அதையும் பதறாமல்தான் சொன்னார்.

அன்று மாலையே மச்சான் வீட்டுக்குப் போனோம். தங்கை போனில் நோயைச் சொன்னதுமே அவர் அலகுப் பெட்டியைச் சாமி அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிருப்பாரு மாப்ள" என்றார்.

வேறு வழியில்லை. என்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்துக் கொடுத்தேன். "மச்சான், நான் வெரதத்த முறிச்சேன். சார்டின் பஃப் தின்னேன். ரெண்டு. சாமி குத்தம்னா அது என் வாயி, உங்க கை இல்ல."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் யோசித்தார்.

"சாமி என்ன அவ்ளோ சின்னப் புத்தியா மாப்ள? சார்டினுக்கெல்லாம் போயி எலும்ப அரிக்குமா?" என்றார். "இல்ல. ஊசி சுத்தமா இல்லாம இருந்திருக்கும். நான்தான் பாக்கல."

"உள்ள இருந்து வந்ததுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அண்ணே" என்றாள் என் மனைவி.

"சரிம்மா. மாப்ள நல்லாகட்டும். அதுவரைக்கும் நான் அலகு தொட மாட்டேன். நல்லாகலன்னா எப்பவும் தொட மாட்டேன்."

இப்படியாக என் தாடைக்குள் எனக்கு மட்டும் அல்ல, அவருக்கும் சேர்த்துத் தீர்ப்பு மாட்டிக்கொண்டது. ஒருவனுக்கு இதுவே போதாதா? ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் கையில் ஏறுகிற சிவப்பு மருந்தைப் பார்க்க மாட்டேன், சுவரைப் பார்ப்பேன். சுவரில் மச்சானின் விரல்கள் தெரியும்.

மருந்தோடு ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் கெடும், கொஞ்சம் பரபரப்பாக இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கொஞ்சமா? முதல் நாள் அலமாரிகளைத் துடைத்தேன். இரண்டாம் நாள் மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். மூன்றாம் நாள் மனைவி குழம்பு வைக்கும்போது மல்லித்தூளைக் காணாமல், "வெளிய போங்க, எங்கயாச்சும் போங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள். கீழே இறங்கி எல்ஆர்டி என்கிற குட்டி ரயிலில் ஏறினேன். பொங்கோலில் அது வட்டமாகச் சுற்றும். ஏறிய நிலையத்துக்கே திரும்பி வரும். நான் இறங்காமல் அடுத்த சுற்றும் போவேன், கிழக்கு வட்டம் முடிந்தால் மேற்கு வட்டம். மொட்டைத் தலை, முகக்கவசம், உட்காரவும் முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். ஒருநாள் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். அடுத்த நிலையம் வருவதற்குள் எழுந்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு முதுகிலிருந்தவை வெளுத்தன. மனைவி தினமும் போனில் படம் எடுத்துக் காட்டுவாள். ஒன்று மட்டும் பிடிவாதமாக இருந்தது. அதற்கு அவள் ஒரு பெயர் வைத்தாள், எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர் பெயர். அவரும் காலி செய்யச் சொன்னபோது காலி செய்யவில்லை. ஐந்தாவதற்குப் பிறகு உதட்டில் ஊசி குத்துகிற மாதிரி உணர்ச்சி திரும்பியது. டீ சட்டைக்குப் போகாமல் வாய்க்குப் போனது. இதை மச்சானிடம் சொன்னால், "ஸ்கேன் என்ன சொல்லுது?" என்பார். வேறு எதையும் ஏற்க மாட்டார்.

ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்து, முடிவுக்குப் போய் உட்கார்ந்தோம். எங்கள் எண் வருவதற்குள் நான் நான்கு முறை கழிவறைக்குப் போனேன். டாக்டர் திரையைத் திருப்பி இரண்டு படங்களை அருகருகே வைத்தார். பழைய படத்தில் தாடையும் முதுகும் விளக்குப் போட்ட மாதிரி எரிந்தன. புதிய படத்தில் அந்த இடங்கள் இருட்டாக இருந்தன.

"இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை. எலும்பில் அரித்த இடம் மெதுவாக மூடும். மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம். இந்த வகை திரும்பி வரக்கூடியது, அதனால் கண்காணிப்பை விட முடியாது."

நான் அதற்குப் பிறகு "நிச்சயமா?" என்று மூன்று முறை கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை, மனைவி சொன்னாள். அவள் அறையைவிட்டு வெளியே வந்ததும் அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு போனை எடுக்கிற ஆள் இல்லை அவர். அவர் வண்டி தேக்கா நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். போய் நின்றோம். இரண்டு பஸ் போயிற்று, மூன்றாவது அவருடையது.

கதவு திறந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அவர் வண்டியில் நாங்கள் ஒருநாளும் ஏறியதில்லை.

"என்ன மாப்ள?"

"இல்லயாம்."

"எது இல்ல?"

"எதுவுமே இல்ல மச்சான். தாடையில இல்ல, முதுகுல இல்ல. ஸ்கேன் சொல்லிருச்சு."

எங்களுக்குப் பின்னால் காய்கறிப் பையோடு ஒருவர், "அண்ணே, ஏறுங்க லா, வெயிலு" என்றார்.

"கார்டத் தட்டுங்க. மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல். கதவை மூடினார், கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், எடுத்தார். எல்லாம் சட்டப்படி. அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு சீனப் பாட்டி மணி அடித்தார். மச்சான் நிறுத்தாமல் போனார். பாட்டி மறுபடி அடித்தார். பின்னாலிருந்து மூன்று மொழிகளில் சத்தம் வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்கு அடுத்த நிறுத்தத்தில் எழுந்து நின்று பாட்டியிடம் கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டார். பாட்டி இறங்கிய பிறகும் கீழே நின்று திட்டினார். மச்சான் அத்தனையையும் பல் தெரியக் கேட்டுக்கொண்டார்.

சிவப்பு விளக்கில் நின்றபோது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அடுத்த ஸ்கேன் எப்ப?"

"மூணு மாசம்."

"அது தைப்பூசத்துக்கு முன்னயா, பின்னயா?"

விரல் விட்டு எண்ணினேன். "ஒரு வாரம் முன்ன."

"சரி. அது வரட்டும்."

"இப்பவே இல்லன்னு சொல்லிட்டாங்களே மச்சான்."

"வரட்டும் மாப்ள."

பச்சை விழுந்தது. ஒரு வாரம் முன்பு ஸ்கேன் எடுத்தால் முடிவு எத்தனை நாளில் வரும்? தைப்பூசத்துக்கு முன்னால் கிடைத்துவிடுமா? அங்கேயே போனை எடுத்து மருத்துவமனையை அழைத்தேன். வரிசையில் நீங்கள் பதினோராவது ஆள் என்றது ஒரு குரல். மனைவி பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டி, "உக்காருங்களேன்" என்றாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், நின்றபடியே காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பத்தாவது ஆளானேன்.